முதலிடம் எந்த ஸ்டேஷனுக்கு? வாட்டர்லூவிலிருந்து சென்ட்ரல் வரை ஒரு கூட்டக் கணக்கு

2020-க்கு முன்னால் பிரிட்டனில் யாரிடமாவது போய், "நாட்டிலேயே அதிகக் கூட்டம் வரும் ரயில் நிலையம் எது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: வாட்டர்லூ. லண்டனில், தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே, 24 நடைமேடைகளோடு பரந்து கிடக்கும் முனையம் அது. 2016-17-ஆம் ஆண்டுக் கணக்கில் அங்கே ஏறியவர்களும் இறங்கியவர்களும் சேர்ந்து 9.94 கோடி. பத்துக் கோடியைத் தொடக் கொஞ்சம்தான் பாக்கி.

2022-23 கணக்கு வெளியானபோது அதே வாட்டர்லூ 5.78 கோடியோடு மூன்றாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு நான்காம் இடம். அந்த ஆண்டில் அதை முந்திய மூன்று நிலையங்களில் ஒன்றின் பெயர் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு. இந்தப் பட்டியல் எண்ணுகிற நடைமேடைகள் அங்கே இரண்டுதான், அவையும் பூமிக்கு அடியில். 24 நடைமேடைகளை இரண்டு நடைமேடைகள் எப்படி முந்தின என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் தொடக்கம்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது சென்னை மின்சார ரயிலால். சென்ட்ரலில் கூட்டம் அதிகமா, எழும்பூரிலா, தாம்பரத்திலா என்ற பேச்சு அந்த ரயிலில் ஓயாது. ஒருவர் நடைமேடைகளை எண்ணுவார், ஒருவர் ரயில்களை எண்ணுவார், இன்னொருவர் பொங்கலுக்கு முந்தின நாள் தான் பட்ட பாட்டைச் சொல்வார். மூவரும் சொல்வது உண்மைதான், ஆனால் மூவரும் அளப்பது மூன்று வேறு சங்கதிகளை. லண்டன் கணக்கை ஆண்டுவாரியாக எடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து முதலிடம் மாறுகிறது, முதலிடம் மாறினால் பணம் போகும் இடமும் மாறுகிறது. எண்ணப்படாத கூட்டத்துக்குப் படிக்கட்டு அகலமாவதில்லை.

எண்ணுவது யார், எப்படி

பிரிட்டனில் ரயில், சாலை ஒழுங்குமுறை அலுவலகம் என்ற அரசு அமைப்பு ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டுக்கு ஒவ்வொரு நிலையத்தின் பயன்பாட்டையும் மதிப்பிட்டு வெளியிடுகிறது. நிலைய வாசலில் ஆள் நிறுத்தி எண்ணுவதில்லை. பெரும்பாலும் டிக்கெட் விற்பனையை வைத்துக் கணக்கிட்டு, தேவைப்படும் இடங்களில் திருத்தம் செய்கிறார்கள். உள்ளே வந்தால் ஒன்று, வெளியே போனால் ஒன்று.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, 9.94 கோடி என்பது 9.94 கோடி மனிதர்கள் இல்லை என்பது. வாரத்தில் ஐந்து நாள் வேலைக்கு வரும் ஒருவர் ஆண்டில் சுமார் 250 நாள் வாட்டர்லூவில் இறங்குவார், மாலையில் 250 முறை ஏறுவார். அவர் ஒருவரே 500. எல்லோரும் இப்படிப்பட்டவர்கள் என்று வைத்துக்கொண்டால், சுமார் இரண்டு லட்சம் பேர் போதும், அந்தப் பெரிய எண் வந்துவிடும். அதாவது வாட்டர்லூவின் முதலிடம் என்பது ஒரு பழக்கத்தின் மேல் நின்ற முதலிடம். தென்மேற்கு லண்டனிலும் அதைத் தாண்டிய ஊர்களிலும் வீடு, நகரத்தின் நடுவில் அலுவலகம், கையில் சீசன் டிக்கெட். அந்தப் பழக்கம் ஆடினால் முதலிடமும் ஆடும்.

ரயில் மாறுபவர்கள் இந்த எண்ணில் வரமாட்டார்கள், அவர்களுக்கு அதே பட்டியலில் தனியாக ஒரு எண் இருக்கிறது. வாட்டர்லூவுக்குத் தெற்கே கிளாப்ஹாம் ஜங்ஷன் என்று ஒரு நிலையம். நாளொன்றுக்குச் சுமார் 2,000 ரயில்கள் அதன் வழியே போகின்றன. ரயில் எண்ணிக்கையைப் பார்த்தால் அதற்குப் பக்கத்தில் வர ஐரோப்பாவிலேயே சில நிலையங்கள்தான் உண்டு. ரயில் மாறுபவர்கள் கணக்கில் அது பல ஆண்டுகள் நாட்டில் முதலிடத்தில் இருந்தது. ஆனால் ஏறி இறங்குவோர் பட்டியலில் அது வாட்டர்லூவுக்கு வெகு கீழே. ஒரு நடைமேடையில் இறங்கி, படியேறி, பாலத்தில் ஓடி, இன்னொரு நடைமேடைக்குப் போகிறவர்தான் ஒரு நிலையத்தின் படிக்கட்டை அதிகம் தேய்க்கிறார். தலைப்புச் செய்தியில் வரும் எண்ணில் அவர் இல்லை.

அப்புறம், சுரங்க ரயில். வாட்டர்லூவுக்கு அடியில் நான்கு தடங்கள் கொண்ட சுரங்க ரயில் நிலையம் ஒன்று இருக்கிறது. 2019-இல் அதன் ஆண்டுக் கணக்கு 8 கோடியைத் தாண்டியது. அதற்குப் பதிவேடு வேறு. மேலே ரயிலை விட்டு இறங்கி, எஸ்கலேட்டரில் கீழே போய் சுரங்க ரயில் பிடிக்கும் ஒருவர் இரண்டு பதிவேட்டிலும் தனித்தனியாக இருப்பார். இரண்டையும் அப்படியே கூட்டினால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியது ஆகும், கூட்டாவிட்டால் அந்த வளாகத்தின் உண்மையான நெரிசல் தெரியாது.

எலிசபெத் லைன் செய்த மாற்றம்

2022 மே 24 அன்று லண்டனின் நடுப்பகுதிக்கு அடியில் எலிசபெத் லைன் என்ற புதிய ரயில் தடம் திறந்தது. ஒரு ரயிலின் நீளம் 205 மீட்டர், ஒன்பது பெட்டிகள், சுமார் 1,500 பேர் போகலாம். நெரிசல் நேரத்தில் மணிக்கு 24 ரயில்கள், இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. ஒரு திசையில் மட்டும் மணிக்கு 36,000 பேரை ஏற்றிச் செல்லும் திறன். இத்தனையும் ஒரே ஒரு ஜோடித் தண்டவாளத்தில்.

இந்தத் தடம் பார்ப்பதற்கு மெட்ரோ மாதிரிதான். ஆனால் கணக்கில் அது தேசிய ரயில் பட்டியலைச் சேர்ந்தது. இங்கேதான் முடிச்சு இருக்கிறது.

முன்பு லண்டனுக்குள்ளேயே பாடிங்டன் நிலையத்திலிருந்து லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்குப் போக வேண்டியவர் சுரங்க ரயிலில் போவார். ஒழுங்குமுறை அலுவலகத்தின் பட்டியலில் அந்தப் பயணத்துக்கு இடமே இல்லை. அதே ஆள், அதே வேலைக்கு, அதே நேரத்தில் இப்போது எலிசபெத் லைனில் போகிறார். பாடிங்டனில் ஒன்று, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஒன்று என இரண்டு இடத்தில் பதிவாகிறார். 2021-22-இல் 3.22 கோடியாக இருந்த லிவர்பூல் ஸ்ட்ரீட் ஒரே ஆண்டில் 8.04 கோடிக்குப் போய் முதலிடத்தைப் பிடித்தது இப்படித்தான். 2023-24-இல் 9.45 கோடி.

அந்த உயர்வு முழுவதும் ஏட்டில் மட்டும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. 2022 நவம்பரிலிருந்து கிழக்கே ஷென்ஃபீல்டிலிருந்து வரும் ரயில்கள் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் முடியாமல் சுரங்கத்துக்குள் இறங்கி நேராகப் பாடிங்டன் வரை போகத் தொடங்கின. மாறி மாறிப் போவதற்குச் சோம்பி வராமல் இருந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். புதிய கூட்டம் உண்மையாகவே சேர்ந்தது. கொரோனாவுக்குப் பின் திரும்பி வந்தவர்களும் சேர்ந்தார்கள். ஆனால் இந்த மூன்று வகையையும், அதாவது புதிதாக வந்தவர், திரும்பி வந்தவர், வேறு பதிவேட்டிலிருந்து இடம் மாறியவர் எல்லோரையும், அந்த 8.04 கோடி ஒன்றாகவே காட்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எலிசபெத் லைனின் நடைமேடைகள் மிக நீளமானவை. லிவர்பூல் ஸ்ட்ரீட் நடைமேடையின் ஒரு முனையில் ஏறினால் அந்த நிலையம், மறு முனையில் ஏறினால் பக்கத்து நிலையமான மூர்கேட். மூர்கேட் வாசலில் நுழைந்து எலிசபெத் லைன் பிடிப்பவரும் லிவர்பூல் ஸ்ட்ரீட் கணக்கில்தான் சேர்கிறார்.

டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டின் கதை இன்னும் தெளிவானது. சென்ட்ரல், நார்தர்ன் என்ற இரண்டு சுரங்கத் தடங்கள் சந்திக்கும் இடம் என்பதால் அங்கே நெடுங்காலமாகவே நல்ல கூட்டம். ஆனால் 2022 மே வரை தேசிய ரயில் பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது. எலிசபெத் லைன் வந்தது, பெயர் ஏறியது, 2023-24-இல் 6.42 கோடியோடு மூன்றாம் இடம். வாட்டர்லூவுக்கு 6.25 கோடி.

இந்த இரண்டு எண்களும் அருகருகே இருக்கின்றன. ஆனால் இரண்டு இடங்களிலும் போய் நின்றால் கூட்டத்தின் குணமே வேறு. வாட்டர்லூ ஒரு முனையம். ரயில் வந்து நின்று, திரும்பிப் போக வேண்டும். பெரிய கூடத்தில் ஜனங்கள் தலையை நிமிர்த்தி அறிவிப்புப் பலகையைப் பார்த்தபடி நிற்பார்கள். நடைமேடை எண் வந்ததும் ஒரு பகுதிக் கூட்டம் மொத்தமாக ஒரு பக்கம் நகரும். அது காத்திருக்கும் கூட்டம், அதற்கு வேண்டியது பரப்பு. டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் யாரும் நிற்பதில்லை. இரண்டரை நிமிடத்தில் ரயில், எஸ்கலேட்டர், தெரு. அது ஓடும் கூட்டம். அதற்கு வேண்டியது அகலமான வழியும் நிற்காமல் ஓடும் எஸ்கலேட்டரும். ஒரு எஸ்கலேட்டர் பழுதானால் அங்கே சில நிமிடங்களிலேயே தேங்கிவிடும்.

ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு முதலிடம் வந்த ஆண்டு

இடையில் ஒரு ஆண்டைத் தாண்டி வந்துவிட்டேன். இந்த முழு வரிசையிலும் எனக்கு மனத்தில் நிற்பது அந்த ஆண்டுதான்.

2020-21. ஊரடங்கு. வாட்டர்லூ முந்தின ஆண்டின் 8.69 கோடியிலிருந்து சுமார் 1.22 கோடிக்கு விழுந்தது. நூற்றில் 86 பங்கு காணாமல் போனது. அந்த ஆண்டு பிரிட்டனிலேயே அதிகம் பேர் பயன்படுத்திய நிலையம் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டு, சுமார் 1.4 கோடி.

ஸ்ட்ராட்ஃபோர்டில் புதிதாக யாரும் வந்துவிடவில்லை. மற்ற இடங்களில் கூட்டம் கரைந்தது, அங்கே அவ்வளவு கரையவில்லை. வாட்டர்லூவில் இறங்கியவர்களில் பெரும்பகுதி மடிக்கணினியைத் திறந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கக்கூடியவர்கள். கிழக்கு லண்டனில் மருத்துவமனைக்கும், கடைக்கும், கட்டுமான இடத்துக்கும், துப்புரவு வேலைக்கும் போகிறவர்கள் அதிகம். அவர்கள் வீட்டில் உட்கார வழியில்லை. மற்ற ஆண்டுகளில் 9 கோடி, 8 கோடி என்ற எண்களுக்குப் பின்னால் மறைந்திருந்தவர்கள் அந்த ஒரு ஆண்டு பட்டியலின் தலையில் தெரிந்தார்கள். கூட்டம் வற்றியபோதுதான், எந்த நிலையம் யாருக்கு உயிர்நாடி என்பது வெளியே வந்தது.

2021-22-இல் வாட்டர்லூ 4.14 கோடியோடு மறுபடி முதலிடம். அதற்கு அடுத்த ஆண்டு எலிசபெத் லைன். நான்கே ஆண்டுகளில் முதலிடம் வாட்டர்லூ, ஸ்ட்ராட்ஃபோர்டு, வாட்டர்லூ, லிவர்பூல் ஸ்ட்ரீட் என்று கை மாறியது. 2024-25-இல் லிவர்பூல் ஸ்ட்ரீட் சுமார் 9.8 கோடி. வாட்டர்லூ 7 கோடியைச் சற்றுத் தாண்டி இரண்டாம் இடத்துக்கு ஏறியிருக்கிறது.

ஷின்ஜுகுவின் 36 லட்சம்

"உலகிலேயே பரபரப்பான ரயில் நிலையம்" என்றால் டோக்கியோவின் ஷின்ஜுகு. கின்னஸ் பதிவும் அதற்குத்தான், நாளொன்றுக்குச் சுமார் 36 லட்சம் பேர். லிவர்பூல் ஸ்ட்ரீட்டின் 9.8 கோடியை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 2.7 லட்சம்கூட வராது. பதின்மடங்குக்கு மேல் வித்தியாசம். ஷின்ஜுகு மாபெரும் நிலையம் என்பதில் சந்தேகமே வேண்டாம், 200-க்கும் மேற்பட்ட வாசல்கள் உள்ள இடம். ஆனால் இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஷின்ஜுகுவில் ஐந்து நிறுவனங்களின் ரயில்கள் வருகின்றன: ஜேஆர் கிழக்கு, ஓடாக்யூ, கெய்யோ, டோக்கியோ மெட்ரோ, தோயெய். ஒவ்வொன்றும் தன் பயணிகளைத் தனியாக எண்ணுகிறது. அந்த 36 லட்சம் என்பது எல்லாவற்றையும் கூட்டிய எண். கெய்யோ ரயிலில் வந்து ஜேஆர் ரயிலுக்கு மாறுபவர் கெய்யோவில் இறங்கியவர், ஜேஆரில் ஏறியவர் என இரண்டாகிறார். லண்டனில் கிளாப்ஹாம் ஜங்ஷனில் ரயில் மாறுபவர் தலைப்பு எண்ணில் பூஜ்யம். அதே செயலுக்கு இங்கே இரண்டு. ஆனால் ஜேஆருக்குள்ளேயே ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறினால் இடையில் டிக்கெட் வாயில் இல்லை. அவர் எந்த எண்ணிலும் வரமாட்டார்.

ஜேஆர் கிழக்கு வெளியிடுவதோ ஏறுபவர் எண்ணிக்கை மட்டும். 2019-ஆம் நிதியாண்டில் நாளொன்றுக்குச் சராசரி 7.75 லட்சம். இறங்குபவரையும் சேர்க்க வேண்டுமானால் இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் ஒரு நிலையத்துக்கு ஏறுபவர் மட்டும், இன்னொன்றுக்கு ஏறி இறங்குபவர், மூன்றாவதற்கு எல்லா நிறுவனமும் கூட்டியது என்று கலந்தே போட்டிருப்பார்கள்.

ஷிபுயா இன்னும் ஒரு படி மேலே. அங்கே தோக்யூ நிறுவனத்தின் டென்-என்-தோஷி தடமும் டோக்கியோ மெட்ரோவின் ஹான்சோமோன் தடமும் முனையோடு முனை சேர்கின்றன, ரயில் அங்கே முடியாமல் ஒன்றிலிருந்து மற்றதற்குள் நேராகப் போகும். இருக்கையில் தூங்கிக்கொண்டே ஷிபுயாவைக் கடக்கும் பயணியும் ஒரு நிறுவனத்தின் எல்லை முடிந்து மற்றதன் எல்லை தொடங்குவதால் ஷிபுயாவின் கணக்கில் ஏறுகிறார். கால் தரையில் படாமலே அவர் அந்த நிலையத்தின் கூட்டம் ஆகிவிடுகிறார். இரண்டு நிறுவனங்களுக்குள் கட்டணத்தைப் பிரித்துக்கொள்ள இப்படி எண்ணுவது சரி. நடைமேடை எவ்வளவு அகலம் வேண்டும் என்று முடிவு செய்ய இந்த எண் உதவாது.

இந்தியாவில் ரூபாய்க் கணக்கு

நம் ரயில்வே நிலையங்களை நெடுங்காலம் வருமானத்தை முக்கியமாக வைத்துத் தரம் பிரித்தது. ஏ1, ஏ, பி என்று எஃப் வரை போகும் அந்தப் பழைய வரிசையைப் பெயர்ப் பலகைகளில் பலர் பார்த்திருப்பீர்கள். 2017-இல்தான் வருமானத்தோடு பயணிகள் எண்ணிக்கையையும் சேர்த்துப் புதிய பிரிவுகள் வந்தன. புறநகர் அல்லாதவை என்.எஸ்.ஜி., புறநகர் நிலையங்கள் எஸ்.ஜி., சின்ன நிறுத்தங்கள் எச்.ஜி. ஆண்டு வருமானம் 500 கோடி ரூபாய்க்கு மேல், அல்லது புறப்படும் பயணிகள் 2 கோடிக்கு மேல் இருந்தால் என்.எஸ்.ஜி. 1. புறநகரில் பணக் கணக்கே இல்லை, 2.5 கோடிக்கு மேல் பயணிகள் என்றால் எஸ்.ஜி. 1. வெறும் பெயர் மாற்றம் போலத் தெரியும். ஆனால் எந்த நிலையத்துக்கு எத்தனை நடைமேம்பாலம், எத்தனை கழிவறை, எத்தனை குடிநீர்க் குழாய் என்பதெல்லாம் இந்தப் பிரிவை ஒட்டியே முடிவாகிறது.

வருமானம் மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2023-24 கணக்கே போதும். புது தில்லி நிலையத்தின் வருமானம் 3,337 கோடி ரூபாய், ஹவுரா 1,692 கோடி, சென்னை சென்ட்ரல் 1,299 கோடி. தில்லி முதலிடம், ஹவுராவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அதே ஆண்டின் பயணிகள் எண்ணிக்கை: தில்லி 3.93 கோடி, ஹவுரா 6.13 கோடி, சென்ட்ரல் 3.06 கோடி. இப்போது ஹவுரா முதலிடம், தில்லியைப் போல ஒன்றரை மடங்கு.

ஒன்றை ஒன்றால் வகுத்துப் பார்த்தேன். தில்லியில் ஒரு பயணிக்குச் சுமார் 850 ரூபாய். சென்ட்ரலில் 425. ஹவுராவில் 276. தில்லியிலிருந்து ராஜதானியும் தொலைதூர ஏசி வகுப்பும் போகின்றன. ஹவுராவில் வர்த்தமானுக்கும் பேண்டலுக்கும் போகும் உள்ளூர் ரயில்கள், பத்து இருபது ரூபாய் டிக்கெட். கூடை சுமந்து வரும் வியாபாரியும், தினக்கூலிக்கு வருபவரும் அந்த 276-க்குள் இருக்கிறார்கள். அவர்கள் மிதிக்கும் படி ஏசி வகுப்புப் பயணி மிதிப்பதைவிடக் குறைவாகத் தேய்வதில்லை.

ஆனால் ஹவுராவின் 6.13 கோடியும் முழுக் கதை இல்லை. 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 1.68 லட்சம் வரும். வந்து சேர்பவர்களுக்காக இரட்டிப்பாக்கினாலும் 3.4 லட்சத்தைத் தொடாது. ஹவுராவில் தினமும் பத்து லட்சம் பேர் புழங்குகிறார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வது. எந்த எண் சரி என்று சண்டை போடுவதைவிட, இரண்டும் எப்படி உருவாகின்றன என்று பார்ப்பது நல்லது. ஒன்று டிக்கெட்டிலிருந்து பிறந்த எண். மற்றது நிலையத்துக்குள் நடமாடும் தலைகளைப் பற்றிய மதிப்பீடு. அதில் வழியனுப்ப வந்தவர், போர்ட்டர், கடைக்காரர், டிக்கெட் எடுக்காதவர், வேறு ஊரில் எடுத்த சீசனோடு வந்தவர் எல்லோரும் இருப்பார்கள்.

சீசன் டிக்கெட்டை நம் ரயில்வே எண்ணும் விதமும் இங்கே முக்கியம். மாதச் சீசன் ஒன்று 50 பயணங்களுக்குச் சமம் என்று வைத்துக்கொள்கிறார்கள், 25 நாள், போக ஒன்று, வர ஒன்று. மாதம் பதினைந்து நாள் போனவரும் 50, ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் போனவரும் 50. சீட்டு விற்ற இடத்தை வைத்து எண்ணும்போது அந்த 50-ம் அவர் வீட்டுப் பக்கத்து நிலையத்தில் ஏறிவிடும். தினமும் காலையில் இறங்கி மாலையில் ஏறுகிற அலுவலகப் பக்கத்து நிலையத்தில் அவர் சுவடே தெரியாது.

எல்ஃபின்ஸ்டன் ரோடு

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மும்பைக்குப் போக வேண்டும். பரேல், லோயர் பரேல் வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் பஞ்சாலைகள். ஆலைகள் மூடின, அந்த நிலத்தில் அலுவலகக் கோபுரங்கள் எழுந்தன. ஆலைத் தொழிலாளிகள் பெரும்பாலும் அந்த வட்டாரத்தின் சால் என்ற வரிசைக் குடியிருப்புகளிலேயே குடியிருந்து நடந்து வேலைக்குப் போனவர்கள். அலுவலக ஊழியர்கள் தூரத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கினார்கள். மேற்கு ரயில்வேயின் எல்ஃபின்ஸ்டன் ரோடும் (2018-இலிருந்து அதன் பெயர் பிரபாதேவி) மத்திய ரயில்வேயின் பரேலும் பக்கத்துப் பக்கத்து நிலையங்கள், இரண்டையும் இணைத்தது ஒரு குறுகலான நடைமேம்பாலம். ஒரு தடத்திலிருந்து மற்றதற்கு மாறுபவர்களும் அதில்தான், வெளியே போகிறவர்களும் அதில்தான்.

2017 செப்டம்பர் 29, காலை நேரம், மழை. வெளியே நனையாமல் இருக்கப் பாலத்திலேயே நின்றவர்கள், அடுத்தடுத்த ரயிலில் வந்து ஏறியவர்கள் எல்லோரும் படிக்கட்டில் திரண்டார்கள். நெரிசலில் 23 பேர் இறந்தார்கள்.

அந்த வட்டாரத்துக்குள் வந்தவர்களின் சீசன் டிக்கெட்டுகள் பெரும்பாலும் கல்யாணிலும் விராரிலும் போரிவலியிலும் வாங்கப்பட்டவையாகத்தான் இருக்கும். அங்கே ரயில் மாறியவர்கள் டிக்கெட் ஜன்னல் பக்கமே போயிருக்கத் தேவையில்லை. மும்பையின் பெரிய நிலையங்களைச் சொல்லச் சொன்னால் அந்த நாளுக்கு முன்னால் எல்ஃபின்ஸ்டன் ரோட்டின் பெயர் எத்தனை பேர் வாயில் வந்திருக்கும்? ஆனால் அந்த ஒரு பாலத்தின் ஒரு படிக்கட்டில், காலை ஒரு மணி நேரத்தில், ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பேர் என்று யாராவது கணக்கெடுத்திருந்தால் அது சத்ரபதி சிவாஜி முனையத்தின் எந்தப் படிக்கட்டுக்கும் சளைத்திருக்காது என்றே நினைக்கிறேன். விபத்துக்குப் பின் ராணுவம் வந்து புதிய பாலம் கட்டிக் கொடுத்தது, 2018 பிப்ரவரியில் திறந்தார்கள். அந்த வேகத்தில் கட்ட முடிகிற பாலம்தான் அது.

2025 பிப்ரவரி 15 இரவு, கும்பமேளா கூட்டத்தில், புது தில்லி நிலையத்தில் 18 பேர் இறந்தார்கள். அதுவும் படிக்கட்டை ஒட்டித்தான். அதற்குப் பிறகு ரயில்வே 73 நிலையங்களில் பயணிகளை வெளியிலேயே காத்திருக்க வைக்கும் நிரந்தர இடங்களும், 12 மீட்டர், 6 மீட்டர் அகலமுள்ள நடைமேம்பாலங்களும் அமைக்கப்போவதாக அறிவித்தது. அளவு மீட்டரில் பேசப்பட்டது எனக்கு நிம்மதி தந்தது. ஆண்டுக்கு இத்தனை கோடி என்ற பேச்சைவிட அந்த 12 மீட்டர்தான் உயிரைக் காக்கும்.

சென்ட்ரலைச் சுற்றி ஐந்து கணக்குகள்

சென்னையில் சென்ட்ரல் வாசலில் நின்று சுற்றிப் பாருங்கள். வெளியூர் ரயில்களுக்குச் சென்ட்ரல். அதை ஒட்டி, 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட் நின்ற இடத்தில், அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்களுக்கான மூர் மார்க்கெட் வளாகம். சாலைக்கு அந்தப் பக்கம் கடற்கரை-தாம்பரம் தடத்தின் பார்க் ஸ்டேஷன். கொஞ்சம் தள்ளி வேளச்சேரி பறக்கும் ரயிலுக்கான பார்க் டவுன். அடியில் இரண்டு தடங்கள் சந்திக்கும் மெட்ரோ. எல்லாம் நடந்து போகும் தூரம். ஷின்ஜுகுவாக இருந்தால் இது முழுவதும் ஒரே நிலையம், ஒரே எண். இங்கே ஐந்து.

தாம்பரத்திலிருந்து ஒரு மாணவர் கோயம்புத்தூர் ரயில் பிடிக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மின்சார ரயிலில் பார்க் வருகிறார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி சென்ட்ரலுக்குள் போகிறார். தாம்பரத்தில் ஒரு டிக்கெட், சென்ட்ரலில் ஒரு டிக்கெட். அவர் பார்க்கில் இறங்கியது எங்கும் இல்லை, சுரங்கப்பாதையில் இடிபட்டதும் எங்கும் இல்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து அரசு பொது மருத்துவமனைக்கு வரும் அம்மா ஒருவர் போக-வர டிக்கெட்டைத் தன் ஊரிலேயே எடுத்துவிடுவார். மூர் மார்க்கெட்டில் இறங்கி, சாலையைக் கடந்து, புறநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நின்று, மாலையில் திரும்பி ரயில் ஏறுகிறார். இந்த வட்டாரத்தில் ஒரு டிக்கெட்டும் அவர் வாங்கவில்லை. மெட்ரோவில் மட்டும் உள்ளே வரவும் வெளியே போகவும் தானியங்கிக் கதவு இருப்பதால் இரண்டும் பதிவாகின்றன. நாளைக்கு யாராவது ஐந்தையும் ஒப்பிட்டால் மெட்ரோ மட்டும் தன் உண்மையான அளவில் தெரியும், மற்றவை சுருங்கித் தெரியும்.

சென்ட்ரலா எழும்பூரா தாம்பரமா என்ற பேச்சுக்கு என் பதில் இதுதான். வெளியூர் ரயில் வருமானம் கேட்டால் சென்ட்ரல், அதில் ஐயமில்லை. காலை எட்டரை மணிக்கு ஒரு படிக்கட்டில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டால், சென்ட்ரலுக்கு முன்னால் பார்க் ஸ்டேஷனிலும் அந்தச் சுரங்கப்பாதையிலும்தான் எண்ண ஆள் நிறுத்துவேன். நெரிசல் நேரத்தில் இரண்டு வாரம் எண்ணினால் போதும், பெரிய செலவில்லை.

கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே 4.3 கிலோமீட்டருக்கு நான்காவது பாதை போடுவதற்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் 2024 அக்டோபர் இறுதி வரை கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். 14 மாதங்கள் பார்க் டவுனில் ஒரு ரயிலும் நிற்கவில்லை, அந்த நிலையத்தின் கணக்கு பூஜ்யம். வேளச்சேரி, திருவான்மியூர்ப் பக்கத்து ஜனங்கள் சென்ட்ரலுக்கும் பொது மருத்துவமனைக்கும் போவதை நிறுத்திவிடவில்லை. ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு முடிந்தது, அங்கே இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தார்கள், முடிந்தவர்கள் மூட்டையோடு நடந்தார்கள். சிந்தாதிரிப்பேட்டையின் படிக்கட்டில் திடீரென்று கூடிய அந்தக் கூட்டம் அந்த நிலையத்தின் டிக்கெட் கணக்கில் ஏறியிருக்க வழியில்லை. அவர்கள் கையில் இருந்தது வேளச்சேரியில் வாங்கிய டிக்கெட்.